கலயம் மாற்றிய சிவந்தி

கேளுங்கள், பெரியவர்களே, பிள்ளைகளே. ஆறுகளெல்லாம் வற்றிப்போன ஒரு காலத்தில் நடந்தது இது.

ஓர் ஆற்றின் இக்கரையில் வணிகர்களின் ஊர். யாரும் நெல் விற்கலாம், யாரும் வாங்கலாம். மழை பொய்த்ததும் விலை ஏறியது. மேலும் மேலும் ஏறியது. மாடி வீடுகளில் நெல் மக்கிக் கிடக்க, குடிசைகளில் பிள்ளைகள் செத்தார்கள். அழுதாலும் கேட்பாரில்லை. கூடை முடையும் சிவந்தியின் மூத்த மகனும் அப்படித்தான் போனான்.

மிஞ்சிய மகள் அரும்பை இடுப்பில் தூக்கிக்கொண்டு சிவந்தி அக்கரைக்கு ஓடினாள். அங்கே அரசனே விதைத்து, அரசனே அறுத்து, எல்லோருக்கும் ஒரே அளவில் பங்கிட்டான். முதல் நாள் கஞ்சி கைக்கு வந்ததும் அவள் அழுதே விட்டாள்.

நாளாக ஆகக் கஞ்சி தண்ணீரானது. களஞ்சிய அதிகாரி மருதப்பர் வீட்டில் மட்டும் நெய் மணந்தது. "அது எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டான் பக்கத்து வீட்டுக் குயவன். மறுநாள் அவன் வீடு பூட்டிக் கிடந்தது. அவன் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. சிவந்தியும் கேட்கவில்லை. அந்தக் கரையில் பசிக்குப் பயந்தவள், இந்தக் கரையில் வாய் திறக்கவே பயந்தாள்.

ஒரு நாள் உச்சிவேளையில், ஊரே கலயத்தோடு உட்கார்ந்திருந்தபோது அரசன் வந்தான்.

"எல்லோரும் ஒன்றுபோல் உண்கிறீர்களா?"

"ஆம், அரசே."

மறுபடி கேட்டான். மருதப்பர் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். கூட்டம் சொன்னது: "ஆம், அரசே."

மூன்றாம் முறை அரசன் சிவந்தியைப் பார்த்தான். "நீ சொல், அம்மா."

அவள் மகளைப் பார்த்தாள். இல்லை என்றால் தன் வீடும் பூட்டப்படும். ஆம் என்று சொல்லிவிட்டால் அரும்பு பிழைக்கமாட்டாள்.

"ஒன்றுபோல்தான் உண்கிறோம், அரசே," என்றாள். "அதனால் இன்று மருதப்பர் ஐயா மகனின் கலயத்தை என் மகளுக்கும், இவள் கலயத்தை அவனுக்கும் மாற்றிக் கொடுங்கள். யாருக்கும் குறைவு வராதே?"

"ஐயோ, வேண்டாம்!" என்று அலறினாள் மருதப்பரின் மனைவி.

அரசன் இரண்டு கலயங்களையும் திறந்தான். ஒன்றில் நெய்ச்சோறு. மற்றதில் வெந்நீரில் மிதந்த சில பருக்கைகள்.

மருதப்பரின் பதவி அன்றே போனது. குயவன் சிறையிலிருந்து திரும்பினான், நடக்க முடியாதவனாக. அதன்பின் ஊரார் கண்முன்னேதான் நெல் அளந்தார்கள். அப்போதும் சிவந்தி பயந்துகொண்டேதான் முன்னால் போய் நின்று பார்த்தாள். ஆனாலும் ஒரு நாளும் போகாமல் இருந்ததில்லை.

அகப்பை வணிகன் கையில் இருந்தாலும் சரி, அரசன் கையில் இருந்தாலும் சரி, பசித்தவர் அஞ்சாமல் கேட்கவும் அந்தக் கேள்வி செவியில் ஏறவும் வழியில்லாத ஊரில் பங்கு ஒருநாளும் சமமாகாது.