பதினோராவது சாவி

தேர்வுத் துறை அலுவலகத்தில் கேள்வித்தாள் கசிந்துவிட்டது. சர்வரில் சிக்கியதோ பூட்டிய ரகசியச் செய்தி ஒன்றுதான்.

"சாயங்காலத்துக்குள்ள இதைத் திறக்கணும். இல்லேன்னா கசியவிட்டது நீதான்னு எழுதிக் கொடுத்துடுவேன்," என்று தற்காலிகக் கணினி ஊழியர் செண்பகவல்லியை, விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் எதிரிலேயே மிரட்டினார் இயக்குநர் வேதமூர்த்தி.

அதற்குரிய டிஜிட்டல் சாவி இல்லாமல் எந்த மென்பொருளும் அதைத் திறக்காது.

"யாருக்கு வந்த செய்தியோ, அவங்க கம்ப்யூட்டர்ல இருக்கிற சாவிதான் சார் திறக்கும். எல்லாரும் சாப்பிட்டுட்டு வாங்க. என்னோடதுல ஆரம்பிச்சு இந்த ஆபீஸ்ல இருக்கிற பதினோரு பேர் சாவியையும் போட்டுப் பாத்துடறேன்," என்றாள்.

சாப்பாடு முடிந்தது. பத்துச் சாவிக்கும் செய்தி திறக்கவில்லை. இயக்குநர் கம்ப்யூட்டரிலோ சாவியே இல்லை.

"காலையில என் எதிர்லேயே அந்தச் சாவியாலதானே சார் உங்க மெயிலைத் திறந்தீங்க? அதுக்குள்ள எதுக்கு அழிச்சீங்க?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

இன்ஸ்பெக்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.