இரண்டு பேருக்கு லீவு

பைபாஸ் சாலைக்கு இந்தப் பக்கம் ஈராசிரியர் பள்ளி ஒன்று இருந்தது. தலைமையாசிரியை செல்வநாயகி. இன்னொருவர் பரமானந்தம். வயதில் அவர்தான் மூத்தவர். ஆனால் மாற்றலாகி வந்த புதிதில், பிரம்பைத் தொடாமலே ஒரு வகுப்பை அமைதியாக்க முடியும் என்பதை அந்த அம்மாளிடம் பார்த்துவிட்டு, "எனக்கு குரு எங்க டீச்சர்தான்" என்று டீக்கடையில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். முதலில் கேலியாகச் சொன்னதுதான். போகப்போக நிஜமாகிவிட்டது.

பெயரில்தான் ஆனந்தம். மனிதர் எதற்கெடுத்தாலும் பதறுவார். இந்த முறை பதற்றத்தில் நியாயம் இருந்தது. வாசிப்புத் தேர்வில் அந்தப் பள்ளிதான் போன வருடமும் ஒன்றியத்திலேயே கடைசி. இந்த வருடமும் அப்படியே ஆனால் பள்ளியை மூடி, சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு. லாரிகள் பறக்கிற சாலை. அதைத் தாண்டி யார் பிள்ளையை அனுப்புவார்கள்? பாதிப் பேர் படிப்பை நிறுத்திவிடுவார்கள்.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம், பரமானந்தம் தலைமையாசிரியையின் மேசை முன்னால் வந்து நின்றார். செல்வநாயகி கிழிந்த பாடப்புத்தகம் ஒன்றுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், மூணாப்புல மாரீஸ்வரி இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கா. ஒரு வரி முடிக்கதுக்குள்ள பொழுது போயிரும்."

"தெரியும் சார்."

"மத்த பிள்ளைக தேறிரும். இவ ஒருத்திதான் நம்மளக் கீழ இழுக்கா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாளைக்கு மட்டும் அவ வராம இருந்தா என்ன?"

செல்வநாயகி பசையைத் தடவி முடித்தார்.

"வாசிக்க வராதவங்களுக்கு நாளைக்கு லீவு. அப்படித்தான?"

"ஒரே ஒரு நாள் டீச்சர்."

"உங்க இஷ்டம் சார். அப்ப, அவளுக்குச் சொல்லித்தர வராதவரும் நாளைக்கு லீவு எடுத்துக்கிடட்டும்."

சிரிப்பார் என்று பரமானந்தம் பார்த்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. புத்தகத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அது ஒட்டுவதற்குக் காத்திருந்தார்.

சரி, இரண்டு பேருமே வருகிறோம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். பயம் விடவில்லை. வெளியே குழாயடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மாரீஸ்வரியிடம் போய், நாளைக்கு லீவு என்றார். எல்லாருக்குமா என்று அவள் கேட்டாள். வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

மறுநாள் லீவு எடுத்தும் அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். பள்ளி வாசலில் தேர்வு நடத்த வந்த அதிகாரியின் ஜீப் நின்றது. உள்ளே போக முகமில்லாமல், சுற்றுச்சுவருக்குப் பின்னால் வேப்பமர நிழலில் உட்கார்ந்தார். ஜன்னல் வழியே பிள்ளைகள் ஒவ்வொருவராக வாசிப்பது கேட்டது. கருப்பசாமி ஓரிடத்தில் திக்கினான். அவன் ஒருவழியாகச் சமாளித்து மேலே போன பிறகுதான் இவருக்கு மூச்சு வந்தது.

மரத்துக்கு அந்தப் பக்கம் யாரோ அசைந்தார்கள். எட்டிப் பார்த்தார். சீருடையும் பையுமாக மாரீஸ்வரி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

லீவு என்று சொன்னேனே, ஏன் வந்தாய் என்றார். சும்மா கேட்கத்தான் வந்தேன் என்றாள். பிறகு அவருடைய சட்டையையும் செருப்பையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"சார், ஒங்களுக்கும் லீவா?"

"ஆமா."

"ஒங்களுக்கும் வாசிக்க வராதா?"

கேலி இல்லை. துணைக்கு ஓர் ஆள் கிடைத்ததே என்ற நிம்மதியில்தான் கேட்டாள். பரமானந்தம் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து நிழலில் அவருக்கு இடம் விட்டாள்.

"பயப்படாதீங்க சார். மெதுவாக் கூட்டுனா வந்துரும்."

பள்ளி திறந்த மாதத்தில் அவர் அவளிடம் சொன்ன வார்த்தைகள் அவை. அப்போது தினமும் சொல்லுவார். எப்போது சொல்வதை விட்டோம் என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

உள்ளே வாசிப்புச் சத்தம் நின்றது. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே உட்கார்ந்திருந்தால் ஜீப் போய்விடும். பள்ளி பிழைத்துக்கொள்ளும். அவருக்கு அது நன்றாகத் தெரிந்தது. எழுந்தார். மாரீஸ்வரியை நோக்கிக் கையை நீட்டினார்.

வகுப்பு வாசலில் இருவரும் வந்து நின்றபோது அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டிருந்தார். வியர்த்து வழிந்த மனிதரையும், அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்த சிறுமியையும் பார்த்தார்.

"யாரும்மா இவங்க?"

செல்வநாயகி பாயின் முன்வரிசையில் இருந்த பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார். இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு இடம் வந்தது.

"மூணாப்புதான் சார். வாசிக்க இன்னும் ரெண்டு பேர் பாக்கி."