தாளாளரின் ஸ்டூல்

பாலிடெக்னிக் தாளாளர் ஆவுடைநாயகத்துக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் கிடையாது. அப்படி அவரே சொல்லிக்கொள்வார். லேப் அசிஸ்டென்ட் மெஹருன்னிசா, புது கம்ப்யூட்டர்களில் ஸ்வாப் வைக்க அனுமதி கேட்டு வந்தபோதும் அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

“மெஷின் வேலை பார்க்கற இடமான மெமரி நிறைஞ்சுட்டா, உள்ளே இருக்கறதை இறக்கி வைக்க டிஸ்க்ல கொஞ்சம் இடம் சார். அதுதான் ஸ்வாப்.”

“டிஸ்க் என்ன சத்திரமா? துளி இடம் கொடுக்கக் கூடாது. ஆனா நாளைக்குப் பரீட்சையில ஒரு மெஷின் மக்கர் பண்ணினாலும் உனக்கு இங்க வேலை கிடையாது.”

“சரிங்க சார்” என்றவள், அவர் மேஜைக்குப் பக்கத்தில் ஃபைல்கள் வைக்கிற ஸ்டூலைக் காலிசெய்து, ஃபைல்களை மேஜைமேல் அடுக்கிவிட்டு, ஸ்டூலைத் தூக்கி வெளியே வைத்துவிட்டாள். சற்று நேரத்தில் தபால் கட்டு வந்தது. மேஜையில் கை வைக்க இடமில்லை. ஒரு வாரமாக அவர் எழுதிக்கொண்டிருந்த ஆண்டுவிழாப் பேச்சைச் சாவகாசமாக அள்ளிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் தபாலை வைத்தாள்.

“அடிப்பாவி! என் பேச்சு!”

“இடம் தீர்ந்துபோனா மெஷினும் இதைத்தான் சார் செய்யும். எது நிறைய இடத்தை அடைச்சிருக்கோ, அதைத் தூக்கிப் போட்டுடும். நம்மைக் கேட்காது.”

தாளாளர் கூடைக்குள் கைவிட்டுக் காகிதங்களைப் பொறுக்கி எடுத்தார். பொறுக்கிக்கொண்டே யோசித்தார். முகம் மலர்ந்தது.

“அப்போ பாதி டிஸ்க்கை ஸ்வாப்புக்கே கொடுத்துடு. அப்புறம் மெமரியே எதுக்கு?”

மெஹருன்னிசா ஸ்டூலை உள்ளே கொண்டுவந்து போட்டாள்.

“அப்போ ஸ்டூலே போதுமே, மேஜையை எடுத்துட்டுப் போகட்டுமா சார்?”

தாளாளர் மேஜையைப் பார்த்தார். ஸ்டூலைப் பார்த்தார். அந்தப் பாலிடெக்னிக்கில் முதல்முறையாக, தனக்குப் பதில் தெரியாத ஒரு கேள்வி கேட்டார்.

“எவ்வளவு வைக்கலாம்மா?”