குடை இடுக்கிய நாரை

முன்னொரு காலத்திலே, மழை பெய்ய ஆரம்பித்தால் நிற்கத் தெரியாத மருதவல்லி நாட்டிலே, பூவிழி நாச்சியார் என்று ஒரு ராணி இருந்தாள். நல்லவள்தான். பொய் தெரியாது, பொறாமை தெரியாது. ஆனால் வேடிக்கைப் பொருள் எதைக் கண்டாலும் வேண்டும் என்பாள். ஓடாத கடிகாரம், மூக்குடைந்த பொம்மை, பூட்டைத் தொலைத்த சாவி, எல்லாம் வேண்டும்.

அவள் புருஷன் அழகேச ராஜா. கல்யாணத்தன்று பட்டும் கிரீடமுமாக மயில் மாதிரி வந்தார். மறுநாளிலிருந்து சாதாரண வேட்டிதான். காதில் ஒரு வேப்பங்குச்சி, கக்கத்தில் ஒரு தாழங்குடை. கல்யாண ஊர்வலத்தில் நாச்சியார் மழையில் நனைந்து காய்ச்சலில் படுத்துவிட்டாள். அதற்கப்புறம் வெயிலோ மழையோ, அந்தக் குடையை அவர் கீழே வைத்ததில்லை.

ஒருநாள் நீலமுடி மந்திரவாதி ஒருவன் வெண்கலத் தாம்பாளத்தோடு வந்தான். அதில் தண்ணீர் ஊற்றினான். என்ன ஆச்சரியம்! ஏழு கடலுக்கு அப்பால் இருக்கும் கடைகளெல்லாம் தண்ணீருக்குள் தெரிந்தன.

“பிடிச்சதை விரலால தொடுங்க தாயே. வீடு தேடி வரும்.”

“விலை?”

“காசு வேண்டாம். ஒண்ணு வந்தா ஒண்ணு போகும். அன்னிக்கு நீங்க கண்ணெடுத்துப் பார்க்காததுல ஒண்ணை நான் எடுத்துக்குவேன்.”

நாச்சியார் சிரித்துவிட்டாள். “பார்க்காதது இருந்தா என்ன, போனா என்ன!”

இந்த ஒரு வார்த்தைக்காக அவள் பிற்பாடு அழுத அழுகை கொஞ்சமல்ல. பொறுங்கள், அங்கேதான் வருகிறேன்.

பின்னோக்கி ஓடும் கடிகாரத்தைத் தொட்டாள். தொட்டாள், வந்தது, வந்தது, போனது. போனது விரிசல் விட்ட ஒரு பானை. சீசாவுக்குள் இருந்த கப்பலைத் தொட்டாள். தொட்டாள், வந்தது, வந்தது, போனது. போனது பின்கட்டு ஊஞ்சல். அடுத்துத் தண்ணீரில் தெரிந்தன பறவைப் படங்கள். செருப்புப் போட்ட கோழி, மூக்குக்கண்ணாடி மாட்டிய ஆந்தை, பல்லக்கில் போகும் காகம்! அவ்வளவுதான், அவளுக்குப் பசி போயிற்று, தூக்கம் போயிற்று.

பொட்டலம் பொட்டலமாக வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்தாளா? அதுதான் இல்லை. வாங்குகிற ருசி கண்டவர்களுக்குப் பார்க்கிற ருசி தெரியாது. “நாளைக்குப் பிரிச்சுக்கலாம்” என்று மூலையில் போட்டுவிட்டு, மறுபடி தாம்பாளத்தின் முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

ஒருநாள் ராஜா நுங்கு சீவி எடுத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றார்.

“நாச்சியா, நுங்கு. நல்ல இளசு.”

“வெச்சிட்டுப் போங்க.” அவள் திரும்பவில்லை.

“ஒண்ணே ஒண்ணு வாயில போட்டுக்கோயேன்.”

“அட, வெச்சிட்டுப் போங்கன்னா!”

சொல்லிக்கொண்டே ஒரு பாட்டுப் பெட்டியைத் தொட்டாள். தொட்டாள், வந்தது, வந்தது, போனது.

மறுநாள் தண்ணீரில் ஒரு புதுப் படம். கக்கத்தில் குடை இடுக்கிய நாரை, காதில் வேப்பங்குச்சி வேறு. “நாரைக்கு ஏது காது!” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். “ஏங்க! இங்க வந்து பாருங்க இந்தக் கூத்தை!” என்று கூப்பிட்டாள். வந்தாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை. படத்தைத் தொட்டாள். வந்த பொட்டலத்தை மூலையில் எறிந்தாள். அன்று போனது, வாசற்படியில் ஈ மொய்த்துக் கிடந்த நுங்குத் தட்டு.

சாயங்காலம் சமையல்காரி வந்தாள். “அம்மா, ராஜாவுக்கு நேத்துப் போட்ட இலை அப்படியே கிடக்கு. அவரைப் பார்த்தீங்களா?”

பார்த்தீங்களா! நாச்சியார் தாம்பாளத்தை விட்டு எழுந்தாள். அரண்மனை முழுக்க ஓடினாள். ராஜா இல்லை. தாம்பாளத்தைப் பிடித்து உலுக்கினாள். மந்திரவாதி தண்ணீரில் தலைகாட்டினான்.

“என் வீட்டுக்காரரைக் கொடுடா!”

“நான் எதையும் வெச்சுக்கிறதில்லை தாயே. மனுஷங்களைப் பறவைப் படமாக்கி வித்துடுவேன். வாங்கினவங்க கண் நிறையப் பார்த்தா மந்திரம் விட்டுப்போகும். யார் பார்க்கிறாங்க?” என்று சிரித்தான்.

அப்படியானால் மூலையில் கிடக்கும் பொட்டலங்களிலும் மனுஷர்கள்! அவளுக்கு அது புரியாமல் இல்லை. “முதல்ல என் வீட்டுக்காரர். மத்தவங்களை நாளைக்குப் பிரிச்சுக்கலாம்” என்றாள். பாவி, அப்போதும் நாளைக்கு!

அவர் ராஜா, மயிலாகத்தான் இருப்பார் என்று தேடினாள். இனி ஒரு ஆளும் போகக்கூடாது என்று வேலைக்காரர்களை ஊருக்கு அனுப்பிவிட்டு, மயில் மயிலாகத் தொட்டாள். ஒவ்வொன்றையும் கண் நிறையப் பார்த்தாள். ஒரு மயில் யாரோ ஒருத்தியின் அண்ணனானது. ஒரு மயில் யாருடைய மாமியாரோ ஆனது. அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அரண்மனையில் அம்மி போனது, கதவு போனது, கடைசியில் கூரை ஓடும் போனது. வருஷங்களும் போயின.

மயிலிலிருந்து எழுந்த ஒரு மீன்காரி கேட்டாள்: “உன் வீட்டுக்காரர் எப்படி இருப்பாரும்மா?”

“பட்டு உடுத்தி, கிரீடம் வெச்சு...”

“அது கல்யாணத்தன்னிக்கு. அதுக்கப்புறம்?”

அதற்கப்புறம் அவர் என்ன உடுத்தினார், கக்கத்தில் என்ன வைத்திருந்தார், நாச்சியாருக்கு ஒன்றும் தெரியவில்லை. பார்த்திருந்தால்தானே! அன்று மீன்காரி போன பிறகு தேம்பித் தேம்பி அழுதாள்.

அப்போது பிடித்தது மழை. கூரையில்லாத கூடத்தில் கொட்டியது. அதே நேரம் தாம்பாளத்தில் ஒரு மயில் எழுந்தது. பட்டு, கிரீடம், அசல் கல்யாண மாப்பிள்ளை. “தொடுங்க தாயே! இப்ப விட்டா அப்புறம் வராது!” என்றான் மந்திரவாதி.

விரலை நீட்டினாள். மூலையில் பொட்டலங்கள் சொதசொதவென்று நனைவது கண்ணில் பட்டது. நூல்கட்டுகளிலிருந்து மையும் சாயமும் வழிந்தன.

“ஐயோ, அதெல்லாம் யார் பெத்த பிள்ளைகளோ!”

தாம்பாளத்தை விட்டுவிட்டு ஓடினாள். முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தாள், ஒவ்வொன்றாகப் பார்த்தாள். செருப்புக் கோழி ஒரு தாயானது. கண்ணாடி ஆந்தை ஒரு வாத்தியாரானது. பல்லக்குக் காகம் ஒரு சின்னப்பெண்ணாகி, “அப்பா எங்கே?” என்று அழுதது.

அடியிலே நசுங்கிக் கிடந்தது கடைசிப் பொட்டலம். பிரித்தாள். நாரை. குடை இருந்த இடம் மழையில் கரைந்து, வெறும் கறையாகியிருந்தது. இறக்கை மட்டும் இன்னும் எதையோ இடுக்கிக்கொண்டிருந்தது.

எத்தனை மழையில் தன் தலைக்கு மேலே ஒரு குடை வந்து நின்றது! பிடித்தது யார் என்று ஒருநாளாவது நிமிர்ந்து பார்த்தாளா? இப்போது பார்த்தாள். கண் நிறைய, கண்ணீர் நிறையப் பார்த்தாள்.

எதிரே அழகேசர் நின்றார். தலை நரைத்திருந்தது. கை மட்டும், இல்லாத குடையை இடுக்கியபடியே இருந்தது.

“இத்தனை வருஷமும் இங்கேயா இருந்தீங்க?”

“நீதானே ‘இங்க வந்து பாருங்க’ன்னு கூப்பிட்டே? வந்துட்டேன் நாச்சியான்னு அன்னிலேருந்து சொல்லிக்கிட்டே இருந்தேன். உனக்குக் கேக்கலை போல.”

அவள் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். பார்க்காத பொருள் என்று அந்த வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை; எடுக்க ஏதுமில்லாமல் தாம்பாளத்தின் தண்ணீர் வற்றியது, மந்திரவாதியும் அதோடு போனான். படமாயிருந்தவர்கள் ஊர் போய்ச் சேர்ந்து ராணியை வாழ்த்தினார்கள். ராஜாவும் ராணியும் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஆனால் போன வருஷங்கள் போனவைதான். அவற்றை விற்கிற கடை எந்தத் தண்ணீரிலும் தெரியாது.

மருதவல்லியில் இன்றும் மழை பெய்தால், ஒரு கிழவருக்குக் குடை பிடித்துக்கொண்டு ஒரு கிழவி போவாளாம். பாதையைப் பார்க்கவே மாட்டாளாம். குடை பிடித்தவள் அவர் முகத்தைப் பார்த்தாள், கதை சொன்னவன் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் போய் உங்கள் வீட்டு முகத்தைப் பாருங்கள்.