மடுவில் இரண்டு விரால்

கோடையில் ஏரி வற்றியது. மதகின் அருகே ஒரு மடு மட்டும் மிஞ்சியது. அதில் இரண்டே விரால்கள். ஒன்று ஆண், ஒன்று பெண்.

கரையில் ஒரு நாரை இருந்தது. கருவேல மரத்தில் அதற்கு இரண்டு குஞ்சுகள். எதிர்க்கரைப் பாறையில் ஒரு நீர்க்காகம் இருந்தது.

“அண்ணே, இந்த ரெண்டையும் விட்டுவைப்போம்!” என்றது நீர்க்காகம். “மழை வந்ததும் முட்டை போடும். ஏரி முழுக்க மீனாகும். அதுவரைக்கும் நண்டு, நத்தைன்னு காலத்தை ஓட்டுவோம்.”

“சரி தம்பி. விராலைத் தொட்டவன் இந்தத் தண்ணிக்கே ஆகாதவன்!” என்றது நாரை.

இரண்டும் அலகைத் தண்ணீரில் நனைத்துச் சத்தியம் செய்தன.

இருபது நாள் போனது. நாரை கரையோரச் சேற்றைக் கிளறியது. நத்தை கிடைத்தால் குஞ்சுகளுக்கு. கிடைக்காத நாளில் மூன்றும் பட்டினி. நீர்க்காகமோ தினமும் மடுவின் ஆழத்தில் மூழ்கி, வெகுநேரம் கழித்தே மேலே வந்தது.

பாசி தின்னும் ஆமை ஒன்று இதைப் பார்த்துச் சிரித்தது. மீன் இருந்தால் அதற்கென்ன, போனால் அதற்கென்ன!

“என்ன நாரையாரே, உங்க தம்பி அடியில போய்த் தவமா பண்றாரு?”

“நண்டு பிடிக்கிறான்.”

“ஓகோ! நண்டுதானா!” ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

அன்றோடு நாரையின் நிம்மதி போயிற்று. தன் கால் எட்டும் ஆழம் வரைதான் அதற்குத் தண்ணீர் தெரியும். தெரியாத ஆழத்தைச் சந்தேகத்தால் நிரப்பிக்கொண்டது. நீர்க்காகத்தின் நெஞ்செலும்பு துருத்தி நின்றதையும் அது பார்க்கத்தான் செய்தது. ‘நடிக்கிறான்’ என்று நினைத்தது.

‘இன்றோ நாளையோ அவன் தின்னத்தான் போகிறான். அப்புறம் என் சத்தியத்தையா குஞ்சுகளுக்கு ஊட்டுவேன்?’

மறுநாள் காலை பெண் விரால் மூச்சு வாங்க மேலே வந்தது. ஒரே கொத்து! குஞ்சுகள் அன்று வயிறாரத் தின்றன.

நாரை கரைக்குத் திரும்பியபோது, நீர்க்காகம் ஒரு பொடி நண்டோடு மேலே வந்தது. நாரையின் அலகில் ஒட்டியிருந்த செதிலைப் பார்த்தது. நண்டு நழுவித் தண்ணீரில் விழுந்தது.

“அண்ணே! என்ன பண்ணிட்டீங்க!”

“நீ மட்டும் யோக்கியனா? தினமும் அடியில என்ன பண்ணினே?”

“உங்களுக்கு முங்கத் தெரியாது. கரையோர நத்தை உங்க பிள்ளைங்களுக்கு மிஞ்சட்டும்னுதான் நான் அடியில தேடினேன்.”

சத்தியம் செய்த அன்றாவது இவனை நம்பினோமா என்று நாரை யோசித்தது. விடை தெரியவில்லை.

“தம்பி... இன்னும் ஒண்ணு இருக்கே!”

நீர்க்காகம் மூழ்கியது. மேலே வந்தபோது ஆண் விரால் அதன் வாயில் துடித்தது. விழுங்கிவிட்டுச் சொன்னது:

“நாளைக்கு நீங்க எப்படியும் தின்னிருப்பீங்க. அதான் நான் முந்திக்கிட்டேன்.”

அது பறந்து போயிற்று. திரும்பவே இல்லை.

ஒன்பதாம் நாள் மழை கொட்டியது. ஏரி நிரம்பித் தளும்பியது. நாரை ஒற்றைக் காலில் நின்று தண்ணீரையே பார்த்தது. உள்ளே எதுவும் அசையவில்லை.

கருவேல மரத்திலிருந்து ஒரே ஒரு குஞ்சின் குரல் மட்டும் கேட்டது. “அப்பா, தண்ணி வந்திருச்சே! மீன் எங்கே?”

அடுத்தவன் ஏமாற்றுவான் என்று பயந்து முந்திக்கொள்கிறவன், இல்லாத திருடனைத் தேடித் தானே திருடனாகிறான்.