இரண்டு கரண்டிக்கு நடுவே

"இனிமே என்னால ஜெபம் பண்ண முடியாது, எப்சிபா."

உபதேசியார் ஞானாபரணம் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றபடி இதைச் சொன்னார். கையில் ஜெபப் புத்தகம் இருந்தது. அதை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று வந்திருந்தார். போதகரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். போதகரோ நோயில் படுத்திருந்தார்.

ஊரில் வாந்திபேதி வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு, பாய் விரித்து நோயாளிகளைக் கிடத்தியிருந்தார்கள். அத்தனை பேரையும் பார்த்துக்கொண்டவள் எப்சிபா. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை படித்தவள். வயது முப்பத்திரண்டு. சுண்ணாம்புத் தண்ணீரில் கை கழுவிக் கழுவி விரலெல்லாம் வெடித்திருந்தது. படுத்துத் தூங்கி எத்தனை நாளோ, சுவரில் சாய்ந்து கண்ணை மூடுவதோடு சரி. இப்படியொருத்தி எங்கள் ஊரில் பிறந்தாள் என்பதில் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான்.

இருபது வருஷத்துக்கு முன்னால் ஞாயிறு பள்ளியில் இதே ஞானாபரணத்திடம் வசனம் ஒப்பித்தவள் அவள். இப்போது அவர் அவளிடம் வந்து நின்றார்.

"ஏன் முடியாது?" என்று கேட்டாள். கை துணியைப் பிழிந்துகொண்டிருந்தது.

"நேத்து பனையேறி மாசிலாமணி வீட்டுக்குப் போனேன். பாயில கெடந்தான். சுகத்துக்கு ஜெபிக்கணும்னுதான் வாயத் தெறந்தேன். அடக்க ஆராதனை வந்துட்டு."

"எவ்வளவு தூரம் சொன்னீங்க?"

"மண்ணு போடுற எடம் வரைக்கும்."

எப்சிபா வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

"அவன் கண்ணத் தெறந்து, 'ஐயா, நான் இன்னும் போகலயே'ன்னான். அவன் பொண்டாட்டி தலையில அடிச்சிக்கிட்டு அழுதா."

போதகர் படுத்த நாளிலிருந்து எல்லாக் குழிக்கும் ஞானாபரணம்தான் புத்தகம் வாசித்தார். அதில் ஒரு குழி அவருடைய மனைவி லேயாளுடையது. அங்கேயும் அவரேதான் வாசித்தார். வேறு ஆள் இல்லை.

"லேயாளுக்காக மூணு நாள் முழங்கால்ல நின்னேன். கேட்டது கெடைக்கல. கெடைக்காததுக்கும் சேத்து ஸ்தோத்திரம் சொல்லணும்னா எனக்கு நாக்கு எழும்பல. இந்தா, புத்தகத்த நீ வச்சுக்க. எனக்குப் பதிலா நீ ஜெபம் பண்ணு."

அவள் புத்தகத்தை வாங்கி ஜன்னலில் வைத்தாள்.

"சோப்புப் போட்டுக் கை கழுவுங்க ஐயா."

கழுவினார்.

அவரை மூலைப் பாய்க்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே மாசிலாமணி கிடந்தான். காலையில்தான் தூக்கி வந்திருந்தார்கள். அறுபது பனை ஏறி இறங்குகிற உடம்பு ஒரே நாளில் வற்றியிருந்தது.

ஞானாபரணம் பின்வாங்கினார். "வேற ஆளக் காட்டு."

"மத்த பாய்க்கெல்லாம் ஆள் இருக்கு. இவருக்கு இல்ல. பொண்டாட்டியும் சொகமில்லாமப் படுத்துட்டாவ."

உட்கார்ந்தார்.

உப்புப் போட்ட கஞ்சித் தண்ணி ஒரு செம்பும் ஒரு தேக்கரண்டியும் கொண்டுவந்து வைத்தாள்.

"ஒரு கரண்டி குடுங்க. பொறவு ஒரு பரமண்டல ஜெபம். பொறவு அடுத்த கரண்டி. பொழுது சாயுறதுக்குள்ள உள்ள போன தண்ணி நின்னுச்சுன்னா பொழச்சுக்கிடுவாரு. இல்லன்னா இல்ல."

"ஜெபம் பண்ண முடியலன்னுதான ஒங்கிட்ட வந்தேன்?"

"பண்ண வேண்டாம். சொல்லுங்க, போதும். இங்க கடிகாரம் கெடையாது."

"ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுனா ஆகாதா?"

"எண்ணிப் பாத்தேன். பாதியில தூங்கிப்போறேன்."

"விசுவாசமில்லாமச் சொன்னா அது பொய்யில்லையா?"

"உங்க விசுவாசத்த அவரு கேக்கல ஐயா. ரெண்டு கரண்டிக்கு நடுவுல கொஞ்சம் நேரம் கேக்காரு."

சொல்லிவிட்டு அடுத்த பாய்க்குப் போய்விட்டாள்.

ஞானாபரணம் ஒரு கரண்டி கொடுத்தார். ஜெபத்தைச் சொன்னார். அடுத்த கரண்டி. அடுத்த ஜெபம். ஐந்தாவது கரண்டியில் மாசிலாமணி எல்லாவற்றையும் வாந்தியெடுத்துவிட்டான்.

எப்சிபா வந்து துடைத்தாள். பாயை மாற்றினாள்.

"எந்த வேகத்துல சொன்னீங்க?"

"எப்பவும் சொல்லுற வேகந்தான்."

"அது ஞாயித்துக்கிழமை வேகம். வீட்டுல கொழம்பு கொதிக்குதுன்னு சபையும் உங்க கூடவே ஓடிரும். இவரால ஓடி வர முடியாது."

அவருக்கு முகம் சுருங்கிப்போனது. மறுபடி ஆரம்பித்தார்.

மெதுவாகச் சொல்வது லேசாக இல்லை. முப்பது வருஷமாக ஓடிக் கடந்த வார்த்தைகள். இப்போது ஒவ்வொன்றிலும் நின்று நின்று போகவேண்டியிருந்தது. அன்றைய ஆகாரத்தைக் கேட்கிற இடம் வந்தபோது செம்பைப் பார்த்தார். பாவத்தை மன்னிக்கக் கேட்கிற இடம் வந்தபோது மாசிலாமணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, கரண்டியைப் பார்த்தார்.

தண்ணி உள்ளே நின்றது.

மத்தியானத்துக்கு மேல், அவர் ஆமென் என்றதும் மாசிலாமணியின் வாய் தானாகத் திறந்தது. கண் மூடியேதான் இருந்தது. வாய் மட்டும் கூட்டில் கிடக்கிற குஞ்சு மாதிரி திறக்கும். ஒரு கரண்டி போகும். மூடிக்கொள்ளும். பிறகு அடுத்த ஆமென் வரை காத்திருக்கும்.

நாலு மணி வாக்கில் எதிர்ப் பாயில் கிடந்த பெண் இறந்துபோனாள். லேயாள் வயதுதான் இருக்கும். எப்சிபா குனிந்து அவளுடைய கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள்.

ஞானாபரணம் அப்போது ஜெபத்தின் நடுவில் இருந்தார். தேவனுடைய சித்தம் பூமியிலும் ஆகட்டும் என்று கேட்கிற இடம். வாய் நின்றுவிட்டது. இன்னொரு முறை முயன்றார். லேயாளைப் புதைத்த அன்றைக்கு வராத கண்ணீர் இப்போது வந்தது.

"எப்சிபா" என்று கூப்பிட்டார். "இந்த ஒரு வரிய என்னால தாண்ட முடியலம்மா. நீ எப்படித் தாண்டுன?"

அவள் திரும்பவில்லை. முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் தாண்டிட்டேன்னு யாரு சொன்னா?"

அவள் தோள் குலுங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் கரண்டியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

பாயில் அசைவு தெரிந்தது. மாசிலாமணி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தான். உதடு ஒட்டியிருந்தது. பிரிப்பதற்குக் கொஞ்சம் நேரமானது.

"மீதியையும் சொல்லுங்க ஐயா" என்றான். "தாகமா இருக்கு."