கேனில் வந்த கடல்

பனிமலையின் அடியில், கங்கை வெளியே வந்து விழுகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு கல் குடிசையில் உமையம்மை என்றொரு துறவி இருந்தாள். அவளுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. அவளுடைய சீடர் நம்புராஜனுக்கோ தாடி முழுக்க நரைத்துவிட்டது. பாம்பன்காரர், மீன் பிடிக்கிறவர். அம்மை ராமேஸ்வரத் தீவில் தங்கியிருந்த காலத்தில் அவள் முன்னால் வந்து உட்கார்ந்தவர், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை என்று ஊரில் கேலி செய்வார்கள். சீடர் குருவைத் தாயி என்பார். குரு சீடரை அண்ணே என்பாள். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

அந்த ஐப்பசியில் நம்புராஜன் மூச்சிரைக்க மலையேறி வந்தார். தோளில் ஒரு பிளாஸ்டிக் கேன்.

“என்னண்ணே இது?”

“கடல் தண்ணி தாயி.”

சேதுவில் மணல் எடுத்துக் கங்கையில் கரைப்பார்கள். கங்கை நீரைக் கொண்டுபோய் ராமநாதருக்கு அபிஷேகம் செய்வார்கள். ஊரறிந்த வழக்கம்தான். மணலை விட்டுவிட்டுக் கடலையே மொண்டு தூக்கிக்கொண்டு வந்த ஆளை அம்மை அன்றுதான் பார்த்தாள்.

“மணல்தானே கொண்டாருவாங்க?”

“என் தம்பி மணல்ல போகல தாயி. தண்ணியிலதான் போனான்.”

தம்பி சேதுபாண்டி போன படகு ஆடிக் காற்றில் கவிழ்ந்துவிட்டது. உடல் கிடைக்கவில்லை. அவன் மனைவி பூங்கனி அன்றிலிருந்து ஒருவேளைக் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டாள். கடல் இருக்கிற திசைக்கே முகம் கொடுப்பதில்லை. ‘அவரு அந்தத் தண்ணிக்குள்ளதான் இருக்காரு. அவரைக் கொண்டுபோய்க் கங்கையில சேருங்க. கங்கைத் தண்ணி ஒரு வாய் கொண்டாங்க. அதைக் குடிச்சிட்டு அப்புறம் சோறு திங்கிறேன்’ என்று நம்புராஜனிடம் சொல்லிவிட்டாள். இப்போது எலும்பும் தோலுமாகக் கிடக்கிறாள்.

“நான் திரும்பிப் போறதுக்குள்ள அவ போயிடுவாளோன்னு பயமா இருக்கு. எந்த இடத்துல ஊத்தணும்னு சொல்லு தாயி. ஊத்திட்டு ஓடிடுறேன்.”

அம்மை கேனைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

“எங்க மொண்டது?”

“படகு கவுந்த அதே இடம். கொஞ்சங்கூட விலகல.”

“எப்ப மொண்டீங்க?”

“கிளம்புறதுக்கு முந்தின நாள். புரட்டாசிக் கடைசி.”

“ஆடியில நீவாடு எந்தப் பக்கம் ஓடும்?”

கடலுக்குள் தண்ணீர் ஓடுகிற ஓட்டத்துக்குத்தான் அவர்கள் பக்கத்தில் நீவாடு என்று பெயர். நம்புராஜன் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

“ஆடியில தெக்கேயிருந்து அடிக்கிற சோழகக் காத்து. வடக்காம ஓடும்.”

“புரட்டாசிக் கடைசியில?”

“வாடை எடுத்துடும். தெக்காம திரும்பி...”

அவர் பார்வை கேனுக்குப் போயிற்று.

நீவாடு பார்க்காமல் ஒருநாளும் வலையை இறக்கியவர் அல்ல அவர். தம்பி விஷயத்தில் மட்டும் கடல் ஊருணி மாதிரி ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கும் என்று எப்படித்தான் நினைத்தாரோ! ரயிலிலும் பஸ்ஸிலும் மடியில் வைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்த கேன் அது. பக்கத்தில் உட்கார்ந்தவர் காலை நீட்டினால்கூடச் சண்டைக்குப் போயிருக்கிறார்.

“அப்ப இது வேற தண்ணியா?”

“நான் சொல்லலண்ணே. நீங்கதான் சொன்னீங்க.”

“அப்ப என் தம்பி எங்க?”

அம்மை உள்ளே போய் ஓர் அகன்ற உருளியைக் கொண்டுவந்தாள். கேனைத் திறந்து முழுவதையும் அதில் கவிழ்த்தாள்.

“தாயி! தாயி!”

“ஏன் பதறுறீங்க? பாத்திரத்துலதானே ஊத்துறேன். வெளியில இருக்கட்டும். விடியட்டும்.”

விடிந்தபோது உருளியின் மேல் வெள்ளையாக ஆடை கட்டியிருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தார். ஐஸ். அம்மை அதைக் கல்லால் தட்டி ஒரு துண்டை எடுத்து, ஆற்றுத் தண்ணீரில் ஒருதரம் அலசி, அவர் கையில் வைத்தாள்.

“நாக்குல வைங்க.”

“தம்பியையா?”

“வேற தண்ணின்னு நேத்து சொன்னீங்களே.”

நம்புராஜன் கண்ணை மூடிக்கொண்டு வைத்தார்.

“கரிக்குதா?”

“லேசா இருக்கு. இல்லாத மாதிரியும் இருக்கு.”

“இப்ப அடியில நிக்கிறதைத் தொட்டு வைங்க.”

தொட்டு வைத்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு துப்பினார். “அம்மாடி! உப்பளத்துத் தண்ணி தோத்துச்சு. நம்ம கடல் இப்படிக் கரிக்காதே!”

“இந்த ரெண்டுல நீங்க கொண்டாந்தது எது?”

நம்புராஜன் உருளியைப் பார்த்தார். கையில் இருந்ததைப் பார்த்தார்.

“பூமியோட ரெண்டு கோடியிலயும் கடல் இப்படித்தான் உறையுது” என்றாள் அம்மை. “உப்பை விட்டுட்டு மேல கட்டியாகுது. விட்ட உப்பெல்லாம் அடியில இருக்கிற தண்ணியில சேர்ந்து, அது கனத்துப்போய் இறங்குது. இறங்கி, தரையோட தரையா நடந்து வருது. நம்ம பேரன் பேத்தி, அவங்க பேரன் பேத்தி காலமெல்லாம் தாண்டியும் நடக்குது.”

“எங்க பக்கமுமா வருது?”

“ஆழத்துல தூண்டில் போடுவீங்கல்ல? மேல வர்ற ஈயக்குண்டைத் தொட்டுப் பாத்திருக்கீங்களா?”

“சித்திரை வெயில்லயும் சில்லுன்னு இருக்கும்.”

“அது எந்த ஊர்க் குளிரு?”

வாழ்நாள் முழுக்கத் தொட்ட குண்டுதான். இப்படியொரு கேள்வி இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. தலை கிறுகிறுத்தது. மலைக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அம்மை அவரைக் கூட்டிக்கொண்டு மேலே நடந்தாள். ஆறு புறப்படுகிற இடத்தில் பனி பெரிய சுவராக நின்றது. அழுக்குப் படிந்து, விரிசல் விட்டு, அடியெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது.

“இது என்னண்ணே?”

“பனி.”

“அதுக்கு முன்னாடி?”

“மழை மேகம்.”

“அதுக்கும் முன்னாடி?”

“கடல்” என்றவர் உடனே குரலைத் தாழ்த்திக் கேட்டார். “இந்தச் சொட்டு எப்பக் கடல்ல இருந்துச்சு தாயி?”

“எனக்குத் தெரியாது. என் குருவுக்கும் தெரியாது. போன மாசம் விழுந்தது உச்சியில கிடக்கு. இது அடியில இருந்து வருது. இது விழுந்தப்ப யாரு இருந்தாங்களோ!”

நம்புராஜன் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

“நான் ஒரு இடம் கேட்டு வந்தேன். நீ உலகத்தையே காட்டுற. வடக்க போச்சுங்கிற. அடியில நடக்குதுங்கிற. மேகங்கிற. பனிங்கிற. என் தம்பியை எங்கதான் தேடுவேன்? அங்க ஒருத்தி பட்டினி கிடக்குறா தாயி. அவளுக்கு இதெல்லாம் சொல்லி விளங்குமா? எனக்கே விளங்கலையே!”

அம்மையின் கண்ணும் கலங்கியிருந்தது. அவர் கையில் மிச்சமிருந்த ஐஸ் துண்டை வாங்கி ஆற்றில் போட்டாள். அது ஒரு பாறையில் இடித்துச் சுற்றிக்கொண்டு போயிற்று. மறையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு குடிசைக்குத் திரும்பினார்கள்.

உருளியில் நின்ற உப்புத் தண்ணீரை அம்மை கேனில் ஊற்றி மூடியை இறுக்கினாள்.

“இதைக் கொண்டுபோய்க் கடல்ல விட்டுடுங்க.”

“எந்த இடத்துல?”

“எந்த இடத்துலயும்.”

நம்புராஜன் மடியிலிருந்து ஒரு சின்னச் செம்பை எடுத்தார். “சரி தாயி. கங்கைத் தண்ணியாவது மொண்டுக்கிறேன். ஒரு வாய் கேட்டா.”

அம்மை செம்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நல்ல செம்பு என்று சொல்லித் தன் மாடத்தில் வைத்துக்கொண்டாள்.

“தாயி, அது பூங்கனிக்கு...”

“உங்க தெருவுல குடிக்கிற தண்ணி எது?”

நம்புராஜனுக்கு எரிச்சலாக வந்தது. தெரிந்துகொண்டே கேட்கிறாளே! அவளும் அந்தத் தண்ணீரைக் குடித்தவள்தான்.

“ஊத்துத் தண்ணி. கரையோரமா மணலைத் தோண்டுவோம். ஊறும். சிரட்டையால மொண்டுக்குவோம்.”

“அலை எவ்வளவு தூரம்?”

“கை நீட்டினா நனையும்.”

“ஊத்து கரிக்குமா?”

“கரிக்கவே கரிக்காது. இளநி கெட்டுது.”

“யாரு தோண்டுவா?”

“பொம்பளைங்கதான். பூங்கனிதான் அதுல கெட்டிக்காரி. அவ காட்டுற இடத்துல தண்ணி வராம இருந்ததே இல்ல. இப்ப அவ அந்தப் பக்கமே போறதில்லையே.”

சொல்லிவிட்டு அவர் மாடத்திலிருந்த செம்பைப் பார்த்தார். அது திரும்பி வரும் என்று தோன்றவில்லை. கேனைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர், நின்று திரும்பினார்.

“வெறுங்கையோட போய் நிக்கப் போறேன் தாயி. கங்கைத் தண்ணி எங்கன்னு கேப்பா. நான் என்ன சொல்ல?”

“அவளையே தோண்டச் சொல்லுங்கண்ணே” என்றாள் அம்மை.